ஸ்கான் செய்த பக்கங்களைச் சுருக்கி வைக்க இன்றைக்கும் தேவை உண்டா?

வாசிகசாலைத் தொண்டன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் நானும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து, அலுமாரிகளில் கிடந்த பழைய தாள்களை எண்ணிமப்படுத்தி வருகிறோம். கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், நிலையத்தின் கூட்டக் குறிப்பேடுகள், ஊரவர்கள் தங்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்து தந்த கல்வெட்டுகள் என்று இதுவரை ஏறத்தாழ 14,000 பக்கங்கள் முடிந்துள்ளன. வெளியூர் அன்பர்களுக்காக ஒரு விளக்கம்: இறந்தவருக்காகச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையன்று உறவினர்களுக்குக் கொடுக்கப்படும் நினைவு மலரை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். ஒரு குடும்பத்தின் வம்சாவழி முழுவதும் பல வேளைகளில் அந்தச் சிறிய புத்தகத்தில் மட்டுமே அச்சில் இருக்கும்.

ஒவ்வொரு பக்கத்தையும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், முழு நிறத்தில், எந்தச் சுருக்கமும் இல்லாத ரிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமித்திருக்கிறோம். ஏ4 அளவுப் பக்கமொன்று 26 மெகாபைற் வருகிறது. எல்லாமாக 365 கிகாபைற். இவற்றைச் சுருக்கி வைக்கவேண்டும் என்று நான் சொன்னபோது எங்கள் செயலாளர் மறுத்துவிட்டார். "ஒரு ரெறாபைற் வன்தட்டில் மூன்றிலொரு பங்குதான் நிரம்பியிருக்கிறது, இடம் போதாவிட்டால் இன்னொன்று வாங்கலாம், சுருக்கினால் தரம் கெடும், நேரமும் வீணாகும்" என்பது அவருடைய வாதம். அவர் இந்த வேலைக்காகத் தன் கைப்பணத்தைச் செலவிட்டவர் என்பதால் அவருடைய சொல்லை இலகுவாகத் தட்டிவிட எனக்கு மனமில்லை.

அவருக்குச் சான்று காட்டலாம் என்று நினைத்து, கைப்பேசியில் எடுத்த 600 படங்கள் இருந்த ஒரு கோப்புறையை ஸிப் செய்து பார்த்தேன். அளவு குறைந்ததாகவே தெரியவில்லை. இப்போது எனக்கே ஐயமாக இருக்கிறது. வன்தட்டு இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் சுருக்கத்தால் உண்மையில் என்ன பயன்? பயன் உண்டென்றால் எதை, எப்படிச் சுருக்கவேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோண்டாவில் கணினியன் எழுதியது:

தம்பி, உங்கள் பரிசோதனையில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட பொருள்தான் பொருத்தமற்றது. கைப்பேசி படம் எடுக்கும்போதே அதை ஜேபெக் முறையில் சுருக்கித்தான் சேமிக்கிறது. எம்பி3 பாட்டும் எம்பி4 காணொளியும் அப்படியே. வேர்ட் செயலியின் டொக்எக்ஸ் கோப்புகூட உள்ளே ஒரு ஸிப் பொதிதான். சுருக்கம் என்பது திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்து ஒருமுறை மட்டும் எழுதுவது. ஏற்கெனவே அப்படிச் செய்து முடித்த கோப்பில் திரும்ப வருவது எதுவும் மிச்சமிராது. பிழிந்த தேங்காய்ப்பூவில் மூன்றாம் பால் வரலாம், பத்தாம் பால் வராது.

உங்கள் ரிஃப் கோப்பொன்றை எடுத்து இதே பரிசோதனையைச் செய்து பாருங்கள். பெரிய வேறுபாடு தெரியும்.

பழைய ஏடு எழுதியது:

நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தாள் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் வேலையில் இருப்பவன். உங்கள் செயலாளர் ஐயாவின் கேள்வி நியாயமானது; ஆனால் அவர் ஒரு வன்தட்டின் விலையை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார். ஆவணக் காப்பில் எண்ணவேண்டியது தட்டின் விலை அன்று, பிரதிகளின் தொகை என்பதே என் கருத்து.

1981 மே 31 இரவும் அதைத் தொடர்ந்தும் யாழ்ப்பாணத்தில் நடந்ததை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. அச்சில் பல பிரதிகள் இருந்த நூல்களை வேறிடங்களிலிருந்து பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரேயொரு பிரதியாக இருந்தவை போனது போனதுதான். உங்கள் 365 கிகாபைற் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வன்தட்டு, ஓர் அலுமாரி, ஒரு கட்டடம் என்றுதான் ஊகிக்கிறேன். அது ஒரு மின்னலுக்கோ ஒரு மழை ஒழுக்குக்கோ போதும்.

ஆகவே பிரதிகள் ஊரை விட்டு வெளியே போகவேண்டும். அங்கேதான் சுருக்கத்தின் பெறுமதி தெரியவரும். உங்கள் இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிற் என்று வைத்துக்கொள்வோம். பிற் வேறு, பைற் வேறு. எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற். அந்தக் கணக்கில் 365 கிகாபைற்றை ஏற்றி முடிக்க, இணைப்பு ஒரு நிமிடமும் அறாமல் இருந்தால், ஏறக்குறைய ஏழு நாட்கள் செல்லும். இடையில் மின்சாரம் நின்றால் அரைகுறையாக நின்ற கோப்பை மறுபடி தொடங்கவேண்டி வரலாம். 2022 இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன நேரத்தில் நான் ஒரு தொகுதியை ரொறன்ரோவுக்கு அனுப்ப முயன்று மூன்று முறை தோற்றேன். அதையே தரம் இழக்காத சுருக்கத்தில் பாதியாக்கிய பிறகு, இரண்டு இரவுகளில் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியதையும் ஐயாவுக்கு நினைவூட்டுங்கள். வன்தட்டு இறக்குமதிப் பொருள். இன்று மலிவாக இருப்பது நாங்கள் அடுத்ததை வாங்கவேண்டிய நாளிலும் மலிவாக இருக்கும் என்று நான் நம்புவதில்லை.

இனி எதை எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். சுருக்கம் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறோம். செயலாளர் ஐயாவின் அச்சம் அதனால் வந்தது என்றே நினைக்கிறேன். ஒன்று, விரித்தால் ஒரு பிற்கூட மாறாமல் பழையபடி திரும்பி வருவது. மற்றது, கண்ணுக்குத் தெரியாது என்று கருதியவற்றை நீக்கிவிடுவது. நீக்கியது திரும்ப வராது. ஸிப், ரிஃப் கோப்புக்குள் வரும் எல்இஸட்டபிள்யூ (LZW) முறை, பிஎன்ஜி (PNG) படக் கோப்பு, தொலைநகலுக்காக 1980களில் வகுக்கப்பட்ட குரூப் 4 முறை ஆகியவை முதல் வகை. சாதாரண ஜேபெக் இரண்டாம் வகை. முதல் வகையால் தரம் கெடாது, கெட வழியே இல்லை.

உங்கள் சேகரிப்பில் மூன்று விதமான பொருள் இருக்கிறது. கும்பாபிஷேக மலர்களின் வண்ணப் பக்கங்களும் படங்களும் முதலாவது. இவற்றைத் தரம் இழக்காமல் சுருக்கினால் பாதியளவுக்குக் குறையலாம், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். காரணம், பழைய தாளின் நார், கறை, வருடியின் (ஸ்கானரின்) உணரி தரும் சிறு ஏற்றத்தாழ்வு எல்லாம் ஒவ்வொரு புள்ளியிலும் ஒழுங்கின்றி மாறுகின்றன. ஒழுங்கில்லாததைச் சுருக்க முடியாது.

அச்செழுத்து மட்டுமுள்ள வெள்ளைத் தாள்கள் இரண்டாவது. அவற்றிலிருந்து வாசிப்பதற்கென வேறாக எடுக்கும் பிரதியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், ஒரு புள்ளிக்கு 24 பிற்றுக்குப் பதிலாக ஒரு பிற் போதும். 26 மெகாபைற் அந்த இடத்திலேயே ஏறத்தாழ 1.1 மெகாபைற் ஆகிவிடும். அதன் மேல் குரூப் 4 முறையைப் பயன்படுத்தினால், பெரும்பாலான அச்சுப் பக்கங்கள் நூறு கிலோபைற்றுக்குள் அடங்கும். இந்த முறையின் அழகை நான் சொல்லியே ஆகவேண்டும். அது ஒரு வரியை அப்படியே எழுதுவதில்லை. மேல் வரியில் கறுப்புத் தொடங்கிய இடத்திலிருந்து இந்த வரியில் எவ்வளவு விலகித் தொடங்குகிறது என்பதை மட்டும் எழுதுகிறது. எழுத்தின் விளிம்பு மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகவே நகருவதால், பெரும்பாலும் ஒன்று அல்லது மூன்று பிற்றில் செய்தி முடிந்துவிடும். வெற்று ஓரங்களுக்கு ஏறக்குறைய இடமே தேவைப்படாது.

மூன்றாவது, நீங்கள் இனிமேல் தட்டெழுதப் போகும் பாடமும் அட்டவணையும். எழுத்துகளைக் கணினியில் பைற்றுகளாக எழுதும் யூரிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைற் வேண்டும். 'யாழ்ப்பாணம்' என்பதில் எங்கள் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். கணினிக்குப் பதினொரு குறியீடுகள், ஆக 33 பைற். அந்த மூன்று பைற்றில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவதாக வரக்கூடியவை இரண்டே இரண்டு. ஆகவே தமிழ்ப் பாடம் சுருக்கத்துக்காகவே பிறந்தது போன்றது. கல்வெட்டுகளில் 'பிறப்பிடமாகவும்', 'வதிவிடமாகவும் கொண்ட' என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதை அறிவீர்கள். 'பிறப்பிடமாகவும்' 45 பைற். ஏபிரகாம் லெம்பலும் ஜேக்கப் ஸிவ்வும் 1977 இல் வெளியிட்ட முறை, இரண்டாம் முறை அந்தச் சொல் வரும்போது, 'இத்தனை பைற் பின்னால் போய் 45 பைற்றை எடுத்துக்கொள்' என்று மட்டும் குறித்துவைக்கும். அந்தக் குறிப்புக்கு இரண்டு மூன்று பைற் போதும்.

இங்கே தமிழர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. சாதாரண ஸிப் பின்னோக்கிப் பார்க்கக்கூடிய தூரம் 32 கிலோபைற். ஆங்கிலத்தில் அது 32,000 எழுத்துக்கு மேல். தமிழில் பதினோராயிரம் குறியீடு வரையில்தான், அதாவது சில பக்கங்கள். அதற்கு முன் வந்த சொல்லை அது மறந்துவிடும். 7-ஸிப், ஸீஸ்ராண்டட் (Zstandard) போன்ற சுருக்க மென்பொருள்கள் மெகாபைற் கணக்கில் பின்னோக்கிப் பார்ப்பவை. நீண்ட தமிழ்ப் பாடத்துக்கு அவையே பொருத்தம்.

பருத்தித்துறை வாசகி எழுதியது:

பழைய ஏடு அண்ணா சொன்ன பிரதிக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆயினும் சுருக்கத்தால் நான் இழந்த ஒன்றையும் சொல்லாவிட்டால், தம்பி அரைகுறை ஆலோசனையோடு போய்விடுவார்.

என் தகப்பனார் சேர்த்து வைத்திருந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஸ்கான் செய்து, எல்லாவற்றையும் 7-ஸிப் மென்பொருளால் ஒரே பெரிய 7இஸட் பொதியாக்கி வைத்திருந்தேன். அந்த முறையின் இயல்பான அமைப்பில் எல்லாக் கோப்புகளும் ஒரே நீண்ட ஓட்டமாக இணைக்கப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. அதனால்தான் அது அவ்வளவு சிறியதாகிறது. ஆனால் முன்னால் வந்ததைச் சுட்டியே பின்னால் வருவது எழுதப்படுவதால், நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னால் உள்ளவற்றை விரிக்க முடியாமல் போகிறது. வன்தட்டில் ஒரு சிறு பகுதி வாசிக்க முடியாமல் போனபோது, 900 பக்கங்களில் கடைசி 400 ஐ நான் இழந்தேன். மூலத் தாள்களைக் கறையான் அதற்கு முன்பே தின்றுவிட்டது. சுருக்காத தனித்தனிக் கோப்புகளாக இருந்திருந்தால் ஒன்றோ இரண்டோ பக்கம்தான் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் கோப்புக்குள்ளேயே சுருக்குங்கள். ரிஃப் அதற்கு இடம் தருகிறது. ஸிப்பும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணை வைப்பது; எனவே பல பக்கங்களை ஒன்றாக அனுப்பவேண்டிய நேரத்தில் ஸிப் பாதுகாப்பானது. சுருக்கிய கோப்பில் ஒரு பிற் மாறினால் கேடு பெரிது என்பது உண்மை. ஆனால் மாறியது என்பதைச் சரிபார்ப்பு எண் உடனே காட்டிக்கொடுக்கும், இன்னொரு பிரதியிலிருந்து எடுத்து மாற்றலாம். சுருக்காத படத்தில் பிற் மாறினால் ஒரு புள்ளியின் நிறம் மட்டும் மாறும், யாருக்கும் தெரியாமலே இருக்கும். எது நல்லது என்பது எத்தனை பிரதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரேயொரு பிரதிதான் என்றால் சுருக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை கறுப்பு வெள்ளைப் பக்கங்களைப் பற்றியது. ஜேபிக்2 என்றொரு முறை உண்டு. அதன் தரம் இழக்கும் வகையில், ஒரே மாதிரித் தோன்றும் எழுத்துருக்களை ஒன்றாகக் கருதி, ஒரே படத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிடலாம். 2013 இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்பவர், பெயர்பெற்ற நிறுவனமொன்றின் நகல் இயந்திரம் கட்டட வரைபடமொன்றில் அறைகளின் பரப்பளவு எண்களையே மாற்றி எழுதியதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 6 என்ற இலக்கம் 8 ஆன பக்கங்களும் அகப்பட்டன. மங்கலாக வந்திருந்தால் யாரும் ஐயப்பட்டிருப்பார்கள். அங்கே எண் தெளிவாக இருந்தது, பிழையாக இருந்தது. தமிழில் 'எ'கரத்துக்கும் 'ஏ'காரத்துக்கும் இடையில் ஒரு சிறு கோடு; 'கி'க்கும் 'கீ'க்கும் இடையில் ஒரு சுழி. கல்வெட்டில் பிறந்த ஆண்டோ பெயரோ இப்படி மாறினால் மூன்று தலைமுறைக்குப் பிறகு யாரால் திருத்த முடியும்? பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருளில் இந்தத் தெரிவு இருந்தால் நிறுத்திவிடுங்கள். குரூப் 4 இல் இந்த ஆபத்து இல்லை.

ஜேபெக்கையும் மிகக் குறைந்த தரத்தில் வைக்கவேண்டாம். அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து நுண்ணிய வேறுபாடுகளை நீக்குவதால், எழுத்தைச் சுற்றிக் கலங்கலாகும்; மங்கிய அச்சில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் மறையும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது அல்லவா?

வாசிகசாலைத் தொண்டன் எழுதியது:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோண்டாவில் அண்ணா சொன்னபடி ரிஃப் கோப்புகளில் 200 ஐ எடுத்துச் சோதித்தேன். தரம் இழக்காத சுருக்கத்தில் வண்ண மலர்கள் பாதிக்குச் சற்று மேலாகவே நின்றன. கறுப்பு வெள்ளையாக்கிக் குரூப் 4 இல் சேமித்த கல்வெட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் 40 முதல் 80 கிலோபைற்றுக்குள் வந்தன. மீண்டும் விரித்து, சுருக்குவதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஒப்பிட்டபோது ஒரு புள்ளியும் மாறவில்லை. இதைச் செயலாளர் ஐயாவின் முன்னாலேயே செய்து காட்டினேன். அவர் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி, தன் பாட்டனாரின் பெயரை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இலண்டனில் இருக்கிற என் தங்கச்சிக்கு இதை இன்றைக்கே அனுப்பலாமா?" என்று கேட்டார். அனுப்பினோம். ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை. முன்னர் அவர் கேட்டபோது, ஒரு முழுக் கல்வெட்டையும் அனுப்ப முடியாமல் கைவிட்டிருந்தோம்.

இன்னொரு ஐயம். கூட்டக் குறிப்பேடுகள் கையெழுத்தில் உள்ளவை. சிலவற்றில் மை மங்கியிருக்கிறது, பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் உண்டு. அவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கலாமா?

பழைய ஏடு எழுதியது:

வேண்டாம். கறுப்பு வெள்ளையாக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் ஏதாவதொரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும்; மங்கிய மையும் பென்சிலும் பெரும்பாலும் வெள்ளையின் பக்கம் சாய்ந்து மறைந்துவிடும். அந்த இழப்பு குரூப் 4 ஆல் வருவது அன்று, அதற்கு முந்திய படியில் வருவது. குறிப்பேடுகளை முழு நிறத்திலேயே, தரம் இழக்காத சுருக்கத்தில் வையுங்கள். வாசிப்பதற்கு நல்ல தரத்தில் ஒரு ஜேபெக் பிரதியை வேறாக எடுங்கள். பக்கமொன்றுக்கு ஒரு மெகாபைற் ஒதுக்கினாலும், 14,000 பக்கமும் 14 கிகாபைற்றுக்குள் முடியும், ஒரு பென்ரைவே போதும். நொடிக்கு 5 மெகாபிற்றில் ஆறேகால் மணித்தியாலத்தில் ஏற்றிவிடலாம். அந்த ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழக்கும். திருத்தம் வேண்டுமென்றால் மூலக் கோப்பிலிருந்து புதிதாக எடுங்கள்.

கல்வெட்டுகளுக்கும் இதே விதிதான். கறுப்பு வெள்ளைப் பிரதி வந்துவிட்டது என்பதற்காக முழு நிற மூலத்தை அழித்துவிடாதீர்கள். இறந்தவரின் ஒளிப்படம் இருக்கும் முதற்பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் முகமே தெரியாது.

பருத்தித்துறை வாசகி எழுதியது:

தம்பி, இரண்டாவது வன்தட்டு வாங்கியதும் அதை அதே அலுமாரியில் வைக்கவேண்டாம். செயலாளர் ஐயாவின் வீட்டில் வைக்கலாம். மூன்றாவதை இலண்டன் தங்கச்சியிடம் ஒப்படைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, யார் எந்தத் திகதியில் பார்த்தார் என்பதை உங்கள் குறிப்பேட்டில் கையால் எழுதி வையுங்கள்.